அடுக்களையில் இருந்த போன்

12 ஜூன் 2012, செவ்வாய்

வேலையில் இருந்தவரை மின்வாரியத்தில் வருடா வருடம் டைரி கொடுப்பார்கள். ஒன்றில்கூட நான் எழுதியதில்லை. என் மனைவி உலகம்மாள்தான் பின்பக்கங்களில் கோலம் வரைந்து பார்ப்பாள். இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்ல முடியாததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

திருநெல்வேலி டாக்டரம்மா முடிவைச் சொல்லிவிட்டார். உலகுவின் தலைக்குள் வலது பக்கம் ஒரு கட்டி. கெட்ட கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் சந்தேகமே இல்லை. ஆழத்தில் இருப்பதால் முழுதாக வெட்டி எடுக்க முடியாதாம். கரண்ட் வைக்கலாம், அதாவது கதிர்வீச்சு, மாத்திரை கொடுக்கலாம், எல்லாம் நாளைத் தள்ளிப்போடத்தான் என்றார். வருகிற சித்திரையில் பேரனுக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டார்.

அவர் பேசும்போது உலகுவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இந்த வியாதியின் பெயரை வியாதிக்காரர் காதில் போடுவதில்லை. பெயரைக் கேட்டாலே பாதி உயிர் போய்விடும் என்பார்கள். என் மாமனாருக்கும் அப்படித்தான் செய்தோம். கடைசிவரை குடல் புண் என்றே சொல்லி அனுப்பி வைத்தோம். புனேயில் இருக்கும் மகன் நாதனும் அம்மாவிடம் மூச்சுவிட வேண்டாம் அப்பா என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் உலகு, டாக்டர் இவ்வளவு நேரம் என்ன பேசினார் என்று கேட்டாள். நீர்க்கட்டி, கரண்ட் வைத்தால் கரைந்துவிடும் என்றேன். சரி என்றாள். பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்றில் ஈரம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது போல. தென்காசி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வழக்கம்போல் அடுக்களையில் நின்று தன் அக்காவோடு போனில் பேசினாள். வழக்கத்தைவிட நேரமாயிற்று. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது. வெங்காயம் அரிந்தேன் என்றாள். ராத்திரிச் சாப்பாடு இட்லியும் மிளகாய்ப்பொடியும். நீர்க்கட்டி என்றதை அப்படியே நம்பிவிட்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

16 ஜூன், சனி

எதற்கும் ஒரு காரணம் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சும்மா வெடிக்காது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லைன் போனால் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவளுக்கு, தலைவலி என்று ஒரு மாத்திரை போடாதவளுக்கு ஏன் இது வந்தது?

நாதன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் கரண்ட் இருந்த நேரமெல்லாம் தேடினேன். கிடைத்துவிட்டது. அடுக்களையில் இருக்கும் கார்ட்லெஸ் போன்.

யாரும் பேசாத நேரத்திலும் அதன் ஸ்டாண்ட் அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். ஊரில் செல்போன் கோபுரம் வைக்கக் கூடாது என்று மனுக்கொடுக்கிற நாம் வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கோபுரத்தைப் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஆபத்து என்று சில பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்பவர்கள் போன் விற்கிறவர்களாக இருப்பார்கள்.

உலகு அதில் பேசுவதை நினைத்துப் பார்க்கிறேன். விளக்கேற்றியதும் சங்கரன்கோவிலில் இருக்கும் அவள் அக்கா, ஆவுடை மதினிக்குப் போட்டுவிடுவாள். மதினிக்கு முழங்கால் வீங்கி, வாசல்படி இறங்கவே ஆள் வேண்டும். அதனால் போக்குவரத்தெல்லாம் போனில்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு தோசை சுடுவாள், சட்னி தாளிப்பாள், பேச்சு மட்டும் நிற்காது. ஹாலில் நின்று பேசினால் எனக்கு டிவியில் செய்தி கேட்க முடியவில்லை என்று நான்தான் அதை வாங்கி உள்ளே வைத்தேன். அப்படி என்னதான் இருக்குமோ. ஒரு ரசத்தில் புளி கூடிப்போனதை ஒரு மணி நேரம் ஆராய்வார்கள்.

20 ஜூன், புதன்

டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இந்த மாதிரி போனால்தான் கட்டி வருகிறது என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை, அதிலிருந்து வருவது மிகக் குறைந்த சக்தி என்றார். உலக சுகாதார நிறுவனமே போன வருடம் சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறதே என்று மடக்கினேன். சேர்த்திருக்கிறார்கள், அதே பட்டியலில் ஒரு வகை ஊறுகாயும் இருக்கிறது சார் என்றார். ஊறுகாயை யாரும் காதில் வைத்துக்கொள்வதில்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நெறைய பேருக்கு ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது சார். தெரியாதுன்னு சொல்றதுதான் உண்மை" என்றார்.

தெரியாது என்று சொல்வதற்கு இவ்வளவு படிக்க வேண்டுமா?

21 ஜூன், வியாழன்

கார்ட்லெஸ்ஸைக் கழற்றி பீரோவின் தலையில் போட்டுவிட்டேன். பரணிலிருந்து பழைய சிவப்பு போனை இறக்கித் துடைத்து, ஹாலில் என் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன். இது கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இன்றைய மின்வெட்டுக் காலத்துக்கு இதுதான் சரி.

உலகு வந்து நின்று பார்த்தாள். தலைவலிக்கு அந்தப் போன் ஆகாதாம் என்றேன். வயரை நீட்டி இதை அடுக்களைக்குள் கொண்டுபோக முடியாதா என்று கேட்டாள். இடறி விழுவாய், இடது காலை வேறு இழுத்து இழுத்து நடக்கிறாய் என்றேன். அடுக்களையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சரி என்று போய்விட்டாள்.

முதல் காரியம் முடிந்தது. ஒரு வாரமாக இல்லாத பசி எடுத்தது.

4 ஜூலை, புதன்

கரண்ட் வைக்க ஆரம்பித்தாகிவிட்டது. தினமும் திருநெல்வேலிக்குப் போய் வருகிறோம். சனி, ஞாயிறு மட்டும் கிடையாது.

அந்தப் பிரிவின் வாசலில் வியாதியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் புத்திசாலி செய்த வேலையோ. ரத்தம் எடுக்கிற இடத்தின் வழியாகச் சுற்றி அழைத்துப்போய், பலகைக்கு முதுகு காட்டி அவளை உட்கார வைக்கிறேன். வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவள், சும்மா இருப்பாளா.

இன்று தலையில் துணி கட்டிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா, ஒங்களுக்கு எந்த எடத்துல என்று கேட்டாள். நான் குறுக்கே புகுந்து நீர்க்கட்டி என்றேன். அந்தப் பெண் உலகுவைப் பார்த்தாள். உலகு அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். பெண்களுக்கு எதற்குச் சிரிப்பு வரும் என்று பிரம்மனுக்கே தெரியாது.

9 ஜூலை, திங்கள்

சாயங்காலம் மதினி கூப்பிட்டார். உலகு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். மரியாதைக்கு டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். சாப்பிட்டியா, மழை உண்டா, கால் எப்படி இருக்கு, சரி வைக்கேன். அவ்வளவுதான். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போதெல்லாம் இப்படித்தான். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிகிறது. தலைக்கு நல்ல ஓய்வு.

18 ஜூலை, புதன்

வலது பக்கம் முடி கொட்டிவிட்டது. ஊர் விட்டு ஊர் போய்க் குடிக்கிற தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சரி என்றாள்.

29 ஜூலை, ஞாயிறு

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வருகிறது. ஒரு நாள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுங்க, தபசு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அந்தக் கூட்டத்தில் யாருக்கு என்ன காய்ச்சல் இருக்குமோ. மருந்து சாப்பிடுகிற உடம்பு, ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அடுத்த வருடம் போகலாம் என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினேன். அது சொட்டவில்லை.

12 ஆகஸ்ட், ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

இன்று மதினி கூப்பிட்டபோது உலகுவால் நிற்க முடியவில்லை. என் நாற்காலியில் உட்கார வைத்து ரிசீவரை வலது காதில் வைத்துவிட்டேன். அவள் அதை எடுத்து இடது காதில் வைத்தாள். பேசி முடித்ததும், ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"எப்பவும் அந்தக் காதுதான். வலது கையிலதான் கரண்டி இருக்குமே" என்றாள்.

கட்டி இருப்பது வலது பக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு அடுக்களையை நினைத்துப் பார்த்தேன். அவள் வலது தோளில் போனை இடுக்கியிருப்பது போலத்தான் எனக்கு வருகிறது. ஆனால் வலது கை தோசைத் திருப்பியையும் பிடித்திருக்கிறது. எத்தனை வருடம் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

இருக்கட்டும். அலைக்கு இடது வலது உண்டா? ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வரைக்கும் போகும். போன் பீரோவின் மேலேயே இருக்கட்டும்.

25 ஆகஸ்ட், சனி

கரண்ட் வைத்து முடிந்தது. இனி மாத்திரை மட்டும். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, வீட்டில் வைத்துச் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நாதன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

10 செப்டம்பர், திங்கள்

மதியம் கடையிலிருந்து வந்தேன். அடுக்களையில் பேச்சுக்குரல். உலகு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கார்ட்லெஸ்ஸைக் காதில் வைத்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். வேலைக்காரி பீரோவைத் துடைத்தபோது கேட்டு வாங்கிக்கொண்டாளாம். போனில் சார்ஜ் இல்லை. ஸ்டாண்ட் இல்லை. வயர் இல்லை. செங்கல்லைக் காதில் வைத்துப் பேசுவதும் அதுவும் ஒன்று.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். யாரோடு பேசினாய் என்றேன். சும்மா என்றாள். கன்னம் ஈரமாக இருந்தது.

மூளை தடுமாறும், ஆளை மாற்றிச் சொல்வார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். போனை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் தடுக்கவில்லை.

16 செப்டம்பர், ஞாயிறு

ஆவுடை மதினி மருமகளைக் கூட்டிக்கொண்டு காரில் வந்துவிட்டார். இறங்கி, வாசல்படி ஏறுவதற்குள் வேர்த்து விறுவிறுத்துப்போனார். நேரே உலகுவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலில் அழுகை கேட்டது. பிறகு சிரிப்பு. பிறகு இரண்டும் சேர்ந்து. மறுபடி போனில் பேசுகிற அந்தப் பழைய குரல். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

வெகு நேரம் கழித்து மதினி வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அந்தப் போனை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். அலைகளைப் பற்றி விளக்கினேன். ஸ்டாண்ட், சக்தி, பட்டியல், எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி, அவளுக்கு மொத நாளே தெரியும்" என்றார். "கரண்ட் வைக்கப் போறோம்னு சொன்னா இந்தக் காலத்துல யாருக்குத் தெரியாது? எங்க அப்பாவுக்கும் அதத்தான வச்சாக."

மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயங்காலம் அடுக்களையில நின்னு எங்கிட்டதான் அழுதா. 'அவுக மறைக்கதுக்கு இம்புட்டுப் பாடுபடுதாக, தெரியும்னு சொன்னா ஒடஞ்சு போயிருவாக'ன்னு சொன்னா. தெனமும் விளக்கு வச்சதும் அழுவா. அழுது முடிச்சு மொகத்தக் கழுவிட்டு ஒங்களுக்குத் தோச சுடுவா. ஒரு வாரம்தான். அதுக்குப் பொறவு அவளுக்கு அழ எடமில்லாமப் போச்சு, தம்பி."

மதினி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பொழுது சாய்ந்த பிறகு உலகுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் மூன்று மாதமாக நான் ஒரு நாடகம் போட்டேன், அவள் பார்க்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு. அவளும் மேடையில்தான் நின்றிருக்கிறாள். மேடையை விட்டு இறங்க அவளுக்கு ஒரே ஒரு வாசல் இருந்தது, அதை நான் பூட்டினேன். உலகு, எனக்கு நீ வேண்டும். காரணம் தேடினேனே தவிர உன்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

17 செப்டம்பர், திங்கள்

கார்ட்லெஸ்ஸை எடுத்து மாட்டினேன். கரண்ட் இல்லை. வாசலில் நின்றால் எதிர்வீட்டுக்காரர், "கோமதிநாயகம் சார், ஒங்க ஆபீசுல கேட்டுச் சொல்லுங்க, எப்ப வரும்?" என்கிறார். ஓய்வு பெற்றவனை இன்னும் ஊர் விடவில்லை. எப்போதும் எரிந்து விழுவேன். இன்று நானும் அதையேதான் கேட்க வேண்டியிருந்தது.

கரண்ட் வந்து, சார்ஜ் ஏறி, சாயங்காலம் மதினிக்குப் போட்டு உலகுவின் இடது காதில் வைத்தேன். அறைக் கதவைச் சாத்தினேன். ஹாலிலும் இருக்கக் கூடாது என்று தெருவுக்குப் போய்விட்டேன். பேசட்டும், ஆற அமரப் பேசட்டும் என்று தெருமுனை பிள்ளையார் கோவில்வரை நடந்தேன்.

திரும்பி வந்தபோது போன் தலையணையில் கிடந்தது. உள்ளிருந்து மதினி உலகு, உலகு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தூங்கியிருந்தாள்.

18 செப்டம்பர், செவ்வாய்

நேற்றுப் போலத்தான். இரண்டு வார்த்தை பேசுகிறாள், பிறகு போன் கையிலிருந்து நழுவிவிடுகிறது.

23 செப்டம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், இனிமேல் நடிப்பு வேண்டாம் என்று. காலையில் கஞ்சி கொடுக்கும்போது ஆரம்பித்தேன். உப்புப் போதுமா என்று கேட்டு முடித்துவிட்டேன்.

28 செப்டம்பர், வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

6 அக்டோபர், சனி

நாதன் வந்துவிட்டுப் போனான். அவனை அடையாளம் தெரிந்தது. தம்பி, ஸ்கூல் விட்டாச்சா என்று கேட்டாள். அவன் ஆச்சும்மா என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டான். இருந்த நாலு நாளும் அவன்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தான். எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

பகலில் அதிகமாகத் தூங்குகிறாள். இடது கை சுத்தமாக விழுந்துவிட்டது. விழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறேன்.

14 அக்டோபர், ஞாயிறு

காலையிலிருந்து மழை. மதியம் உலகு தானாகவே கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கரண்டியால் ஊற்றினேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள், கண் நிலையாக நின்றது. இதை விட்டால் இல்லை என்று தோன்றியது. அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உலகு, ஒனக்கு வந்திருக்கது நீர்க்கட்டி இல்ல. கேன்சர்" என்றேன். அந்தச் சொல்லை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். "ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இனி ஒளிக்க வேண்டாம். அழணும்னா எங்கிட்ட அழு."

அவள் வெகு நேரம் என்னையே பார்த்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அக்கா," என்றாள். "அவுககிட்ட மட்டும் சொல்லிராத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக."

நான்தான் உலகு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கதவுப் பக்கம் பயந்து பயந்து பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. சத்தியம் பண்ணு என்றாள்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அதன் பிறகு அவள் அழுதாள். சாகப் பயமாக இருக்கிறது என்றாள். வலிக்குமா என்று கேட்டாள். அவுகளுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது, என்ன செய்வாக என்றாள். ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினேன். குரல் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. மழை விடும்வரைக்கும் அவள் தலையைத் தடவிக்கொண்டு ஆவுடை அக்காவாகவே உட்கார்ந்திருந்தேன்.